பெனியின் குரலில் பேசியவள்

என் சித்தி மார்த்தாவின் மகன் பெனோனி, எங்களுக்குப் பெனி, இறந்தது கிராம்பு அறுவடையின் நடுவில். அந்த வருடம் எங்கள் நுசாலாவுத் தீவில் மரங்கள் கிளை ஒடியும்படி மொட்டு விட்டிருந்தன. தெருவின் இரண்டு பக்கமும் தார்ப்பாய் விரித்துக் காயப்போட்டிருந்தார்கள். ஆள் நடக்க நடுவில் கொஞ்சம்தான் இடம். ஏணி இல்லாமலே மரம் ஏறுகிற இளவட்டம் ஒருவன் பல்லால் செத்தான் என்றால் யார் நம்புவார்கள்? யாரும் நம்பவில்லை. பின்னால் நடந்ததற்கெல்லாம் அதுதான் காரணம்.

கீழ்த்தாடையில், எல்லாப் பற்களுக்கும் பின்னால், அவனுக்கு ஒரு ஞானப்பல் முளைத்துக்கொண்டிருந்தது. பாதி வெளியே, பாதி ஈறுக்குள். வலிக்கிறது என்றான். சித்தி கிராம்பை நசுக்கி அந்த இடத்தில் அடைத்தாள். வலி போயிற்று, மரம் ஏறப் போய்விட்டான். மறுபடி வலித்தது, மறுபடி கிராம்பு. மரமே வாசலில் நிற்கிற ஊரில் பல்வலிக்கு வேறு என்ன செய்வார்கள்? பிறகு கன்னம் வீங்கியது. வாய் திறக்க முடியாமல் தாடை இறுகிப்போனது. பல்லைக் கடித்தபடியே பேசினான். குரல் அடித்தொண்டையிலிருந்து, ஒரு பானைக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. கழுத்தும் வீங்கியபிறகுதான் சபருவாத் தீவு மருத்துவமனைக்குக் கொண்டுபோகலாம் என்று படகு ஏற்றினார்கள். படகில் சித்தியும் படகுக்காரர் ஓட்டிஸும் மட்டும். பாதிக் கடலில் அவன் மூச்சு நின்றுபோனது.

அதற்குச் சில நாட்கள் முன்பு, எல்லையில் நின்ற ஒரு கிராம்பு மரம் யாருக்குச் சொந்தம் என்று பக்கத்துத் தோட்டத்து விதவை டோர்சியோடு பெனிக்குச் சண்டை. அவன் கன்னாபின்னாவென்று பேசியிருக்கிறான். அவள் வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு, "வாய ரொம்ப நீளமா வளத்து வெச்சிருக்கடா நீ. ஒருநாள் அது தானா மூடிக்கும் பாரு" என்று சொன்னதைத் தெருவே கேட்டது.

வாய் மூடிக்கொண்டது. பையன் செத்தான். ஊருக்கு வேறு சாட்சி எதற்கு? டோர்சி ஒரு சுவாங்கி, ஆளைத் தொடாமலே உடம்புக்குள் புகுந்து தின்கிற சூனியக்காரி என்று முடிவாகிவிட்டது. அவள் தகரக் கூரைமேல் கல் விழ ஆரம்பித்தது. போதகர் வந்து தடுத்தும் நிற்கவில்லை. அவள் சாமானை எடுத்துக்கொண்டு ஊர்க்கோடியில், கல்லறைகளைத் தாண்டி ஒரு குடிசைக்குப் போய்விட்டாள். அதற்குப்பிறகு குழந்தைகள் அந்தப் பக்கம் சிப்பி பொறுக்கக்கூடப் போவதில்லை.

சின்ன வயதிலிருந்தே நான் சித்தி வீட்டில்தான் வளர்ந்தேன். பெனியின் தங்கை யாகோமினா, எங்களுக்கு மினா, என் இடுப்பிலேயே வளர்ந்தவள். என்னை "உசி", அதாவது அக்கா, என்பாள். அண்ணன் இறந்தபோது அவள் சிறுமி. வளர்ந்து அவன் வயதைத் தொட்ட வருடம், மறுபடி தெருவெல்லாம் கிராம்பு காய்ந்துகொண்டிருந்தபோது, தேவாலயப் பாடகர் குழுவின் பயிற்சி முடிந்து வந்தவள் என்னைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"பாட்டு வாத்தியார் எல்லார் முன்னாடியும் மானத்த வாங்கிட்டாரு உசி. 'வாயத் தொறந்து பாடு பொண்ணே, தூண்டில்ல மாட்டின மீன் மாதிரி ஏன் பாடற'ங்கறாரு."

"தொறந்து பாட வேண்டியதுதானே?"

"தொறக்க வரல." சுற்றிலும் பார்த்தாள். "என் வாய மோந்து பாரேன்."

குனிந்தேன். கெட்டுப்போன தண்ணீர் வாடை. அதை நான் மறந்திருக்கவில்லை. பெனியின் தலையணை உறையைத் துவைத்தவள் நான்தான். என் முகத்தைப் பார்த்தே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அம்மாட்ட சொல்லாத" என்றாள்.

சொல்லாமல் இருந்தேன். ஆனால் சித்தியின் மூக்குக்கு யார் சொல்ல வேண்டும்? மறுநாள் காலையில் மினா அடுப்பங்கரையைத் தாண்டிப் போனபோது சித்தி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். மகளின் தாடையைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். வெளியே போய்த் தார்ப்பாயிலிருந்து ஒரு கை கிராம்பு அள்ளிக்கொண்டு வந்து அம்மியில் நசுக்கினாள்.

"சபருவாவுல பல் டாக்டர் இருக்காங்க சித்தி. படகுல போனா மத்தியானத்துக்குள்ள திரும்பிடலாம்" என்றேன்.

"படகா?" சித்தி நிமிராமலே கேட்டாள். "ஒருத்தன ஏத்தினேன். அவன அதே படகுல போத்திக் கொண்டாந்தேன். இன்னொருத்திய ஏத்தச் சொல்றியா?"

கிராம்பு அடைத்ததும் மினாவுக்கு வலி விட்டது. அன்று பாடக்கூடச் செய்தாள். ஆனால் வாடை போகவில்லை. கிராம்பு மணத்தோடு அதுவும் கலந்து வீடு முழுக்கச் சுற்றியது. பாயை உதறினால் வந்தது, ஜன்னல் திரையை விலக்கினால் வந்தது. வாரக் கடைசிக்குள் வலது கன்னம் பிதுங்கி, தாடை இறுகிவிட்டது.

அந்த மத்தியானம் அது நடந்தது. சித்தி முதுகைக் காட்டிக்கொண்டு பப்பேடா கிண்டிக்கொண்டிருந்தாள். மெல்ல வேண்டாத கூழ் என்பதால் மினாவுக்கு இப்போது அதுதான் சாப்பாடு. உள்ளறையிலிருந்து பல்லைக் கடித்தபடி ஒரு குரல் வந்தது.

"அம்மா. தண்ணி."

பானைக்குள்ளிருந்து வருகிற அதே குரல். அடித்தொண்டையிலிருந்து, கொஞ்சம் மூக்கோடு. சித்தியின் கை நின்றது. திரும்பினாள். நான் எதிர்பார்த்த பயம் அவள் முகத்தில் இல்லை. அவ்வளவு சந்தோஷத்தை நான் அந்த முகத்தில் பல வருடங்களாகப் பார்த்ததில்லை.

"பெனி?" என்றாள். "இரு சாமி, கொண்டாறேன்."

அதிலிருந்து சித்தி எங்கள் வீட்டில் இல்லை. வேறு ஒரு வருடத்தில் இருந்தாள். பெட்டியிலிருந்து பெனியின் சட்டையை எடுத்து உதறி மினாவின் மேல் போர்த்தினாள். கட்டிலில் உட்கார்ந்து அவனிடம் கேட்க வைத்திருந்ததையெல்லாம் கேட்டாள். "அன்னிக்குத் திட்டினேனே, மனசுல வெச்சிருக்கியாடா?" மினா கண்ணை அகல விரித்து என்னைப் பார்ப்பாள். பேசினால் அண்ணனாகிவிடுகிறாள், பேசாவிட்டால் அம்மா அழுகிறாள். பாவம், அவள் என்னதான் செய்வாள்?

சித்தி குளிக்கப் போன நேரம் பார்த்து மினா என் கையைப் பிடித்தாள். "உசி, என்னைய டோர்சி தந்தா கிட்ட கூட்டிட்டுப் போ."

"உனக்குப் பைத்தியமா?" என்றேன். அத்தை என்று பொருள்படும் அந்தத் 'தந்தா'வை டோர்சிக்கு யாரும் சொல்லி வருடங்களாகியிருந்தன.

"அவங்கதான் வெச்சாங்கன்னா அவங்களே எடுக்கட்டும். கால்ல விழறேன். இல்லன்னா அம்மா என்னைய முழுசா அவனாக்கிடுவாங்க."

அவளைத் தாங்கிக்கொண்டு கல்லறைகளைத் தாண்டி நடந்தேன். வெயில் கொளுத்தியது. டோர்சி வாசலில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்தும் துருவுவதை நிறுத்தவில்லை.

"யாரு, மார்த்தா பொண்ணா? வழி தவறி வந்துட்டீங்களா, இல்ல கல்லு தீந்துபோச்சா?"

மினா முழங்காலிட்டாள். பல் இடுக்கு வழியாக, "எடுத்துடுங்க தந்தா. எங்கண்ணன் பேசினது தப்பு. எடுத்துடுங்க" என்றாள்.

அந்தக் குரலைக் கேட்டதும் டோர்சியின் கை தானாக நின்றது. அவளுக்கும் அது யார் குரல் என்று தெரிந்திருந்தது. தேங்காய் மூடியைக் கீழே வைத்தாள்.

"எந்திரி" என்றாள். "இத்தன வருஷத்துல என்கிட்ட வந்து கேட்ட மொத ஆளு நீ. கேளு. நான் வெக்கல. வெச்சிருந்தா, என் கூரைல மொதக் கல்லு விழுந்த அன்னிக்கே பயந்துபோய் எடுத்திருப்பேன். என்கிட்ட ஒண்ணுமே இல்ல. வெறும் கெட்ட வாய் ஒண்ணுதான் இருக்கு." மினாவின் அருகில் வந்து மூக்கைச் சுளித்தாள். "இது சூனியமில்லடி. அழுகல். அழுகினதுக்கு என்கிட்ட ஏன் வரீங்க? அக்கரைக்குப் போங்க."

"அம்மா படகு ஏற விட மாட்டாங்க" என்றேன்.

"அப்போ கேக்காத."

சொல்வது அவளுக்கு எளிது. திரும்பும் வழியில் துறைப் பக்கம் போக எனக்குத் துணிவில்லை. கடல் நடுவில் இவளுக்கும் ஏதாவது ஆனால் சித்தி முகத்தில் எப்படி விழிப்பது? வீட்டுக்குப் போய் மினாவைப் படுக்க வைத்தேன். காய்ச்சல் அனலாக அடித்தது. சித்தி வந்து தலைமாட்டில் உட்கார்ந்தாள். மினா கண்ணைத் திறக்காமலே முனகினாள்.

"அம்மா... என் தலைய கொஞ்சம் தூக்கு. இன்னும் கொஞ்சம்."

சித்தி சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அத்தனை நாள் முகத்தில் இருந்த சந்தோஷம் ஒரே நொடியில் வடிந்துவிட்டது.

"இத யாரு அவளுக்குச் சொன்னது?" என்றாள் என்னிடம். "லென்சி, இத யாரு சொன்னது? படகுல கடைசியா அவன் சொன்னது இதுதான். திரும்பத் திரும்ப இதையேதான் சொன்னான். நான் யார்கிட்டயும் சொல்லல. போதகர்கிட்டகூட சொல்லல."

எனக்கே அது அன்றுவரை தெரியாது. ஆனால் அந்த வார்த்தைகளுக்குப் பிறகு பெனிக்கு என்ன ஆயிற்று என்பது எனக்குத் தெரியும். அதற்குமேல் நான் யோசிக்கவில்லை. மினாவை அப்படியே தூக்கி நிறுத்தி, தோளில் சாய்த்து, துறைக்கு இழுத்துக்கொண்டு போனேன். சித்தி பின்னாலேயே ஓடிவந்தாள். "அவன கொண்டுபோகாத! திரும்ப கொண்டுபோகாத!" என்று தெருவெல்லாம் கேட்க அலறினாள். கிராம்பு புரட்டிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள்.

துறையில் ஓட்டிஸின் படகு நின்றது. முனையில், குடையை விரித்துக்கொண்டு, டோர்சி உட்கார்ந்திருந்தாள். எங்களுக்கு முன்னால் கடற்கரை வழியாக வந்திருக்கிறாள். ஓட்டிஸ் கரையில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"இந்தம்மாவ எறங்கச் சொல்லு லென்சி. எனக்கும் பொண்டாட்டி புள்ளைங்க இருக்கு."

"கிளப்பு ஓட்டிஸ்" என்றாள் டோர்சி. "ஊரே என்னைய சுவாங்கிங்குது. சுவாங்கியே படகுல உக்காந்திருக்கறப்ப வேற எந்தப் பேய்க்குடா உள்ள ஏறத் தைரியம் வரும்?"

அந்த நிலையிலும் யாரோ ஒருவர் சிரித்துவிட்டார். ஓட்டிஸ் கயிற்றை அவிழ்த்தார். நான் மினாவை ஏற்றினேன். சித்தி முழங்கால் தண்ணீரில் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விடமாட்டாள் என்றுதான் நினைத்தேன். மினா மறுபடி, "தலைய தூக்கும்மா" என்றாள். சித்தி விளிம்பைத் தாண்டி ஏறி உட்கார்ந்து, மகளின் தலையைத் தன் மார்பில் நிமிர்த்தி வைத்துக்கொண்டாள். அக்கரை சேரும்வரை அந்தக் கையை இறக்கவில்லை. வழியெல்லாம் தண்ணீரையே பார்த்துக்கொண்டு, உதட்டுக்குள் ஏதோ எண்ணுவதுபோல மினாவின் ஒவ்வொரு மூச்சுக்கும் தலையசைத்தாள்.

சபருவாவில் இருந்த பல் மருத்துவர் பாசாங், தொராஜாப் பக்கத்துப் பெண். எங்களைப் பார்த்ததும் உடனே வேலையில் இறங்கினார். ஊசி போட்டார். மினாவைச் சாய்க்காமல் உட்கார வைத்தே, திறந்த இடுக்கு வழியாக ஏதோ ஒரு நீரைப் பீச்சினார். பிறகு தாடைக்கு அடியில் கீறிவிட்டார். வந்த சீழைப் பார்த்து நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அந்த வாடை அறை முழுக்க நிறைந்தது. சித்தி மட்டும் திரும்பவில்லை. பார்த்துக்கொண்டே நின்றாள்.

"தலைய தூக்கச் சொல்லிக் கேட்டாளா?" என்றார் மருத்துவர், கையைக் கழுவிக்கொண்டே.

சித்தி திடுக்கிட்டாள். "உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"எல்லாரும் கேப்பாங்கம்மா. கழுத்துக்குள்ள வீங்கி மூச்சுக்குழாய அமுக்க ஆரம்பிச்சா படுக்க முடியாது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா கேக்கக்கூட குரல் இருந்திருக்காது."

சித்தி நாற்காலியில் உட்கார்ந்தாள். இறந்தவன் சொன்ன ரகசியம் என்று இத்தனை காலம் நெஞ்சுக்குள் பொத்தி வைத்திருந்தது, எல்லாரும் சொல்கிறதுதானாம்.

"உள்ள இருந்தது என்ன?" என்று கேட்டாள்.

"கிருமிங்க. ஞானப்பல்லு முழுசா வெளிய வரல. ஈறு அதுமேல ஒரு மூடி மாதிரி படிஞ்சிருக்கு. அந்த மூடிக்கு அடியில பிரஷ் போகாது, காத்தும் போகாது. சாப்பாட்டுத் துணுக்கு போய் மாட்டிக்கும். காத்தில்லாத எடமே சுகம்னு வாழற கிருமிங்க இருக்கு. அங்க குடியேறிடும். அந்த நாத்தம் அதுங்களோடது. நம்ம எல்லார் வாயிலயும் கொஞ்சம் இருக்கும். அடைஞ்ச எடம் கெடைச்சாத்தான் இப்பிடி ஆடும்."

"கிராம்பு வெச்சேன்."

"வலிய மரத்துப்போக வைக்கும். மூடிக்கு அடியில போய்ச் சேராது. வலி போயிட்டா நோவு போயிடுச்சுன்னு நாமதான் ஏமாந்துடுவோம்."

"என் பையனுக்கும் வெச்சேன்" என்றாள் சித்தி. "வலிக்குதுன்னு சொல்லும்போதெல்லாம் வெச்சேன்."

மருத்துவருக்கு இளவயது. சித்தியின் முகத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "அவரப் பாக்காம நான் எதையும் சொல்ல முடியாதும்மா" என்று மட்டும் சொன்னார்.

சில நாள் அங்கேயே தங்கினோம். மாத்திரை, ஊசி, உப்புத் தண்ணீர்க் கொப்புளிப்பு. ஒரு காலையில் மினா எழுந்து வாயை மெல்லத் திறந்தாள். இரண்டு விரல் நுழைந்தது. "அம்மா, பசிக்குது" என்றாள். தெளிவான குரல், அவளுடைய சொந்தக் குரல். சித்தி திரும்பி அவளைத் தாண்டி, அறையில் வேறு யாரையோ தேடினாள். பிறகு தோளில் போர்த்தியிருந்த துண்டை முகத்தில் பொத்திக்கொண்டு, "போயிட்டான். மறுபடி போயிட்டான்" என்று அழுதாள். பெற்ற மகள் பிழைத்ததற்கு ஒருத்தி அப்படி அழுததை நான் கண்டதில்லை. மினா அம்மாவின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

வீக்கம் நன்றாக வற்றியபிறகு பல்லையும் பிடுங்கினார்கள். அது நிமிர்ந்து நிற்கவே இல்லையாம். முன்னாலிருந்த பல்லின் மேல் தலையை முட்டிக்கொண்டு படுத்திருந்ததாம்.

இத்தனை நாளும் டோர்சி மருத்துவமனைத் தாழ்வாரத்திலேயே கிடந்தாள். அவள் ஏன் ஊருக்குத் திரும்பவில்லை என்று யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. நான் கொண்டுபோய்க் கொடுத்ததைச் சாப்பிட்டாள். சித்தி அவளைத் தாண்டிப் போகும்போதெல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டு நடந்தாள்.

திரும்பும் படகில் டோர்சி முனையில், சித்தி பின்னால். பாதிக் கடல் வந்ததும் ஓட்டிஸ் வேகத்தைக் குறைத்தார். எந்த இடம் என்று அவருக்கும் தெரியும். இயந்திரச் சத்தம் தணிந்ததில் டோர்சி திரும்பாமலே பேசினாள்.

"மார்த்தா. என் கூரைல யாரு யாரு கல்லெறிஞ்சாங்கன்னு எனக்குத் தெரியும். கதவு இடுக்கு வழியாப் பாத்தேன். உன்ன மட்டும் பாக்கல. அது ஒண்ணுதான் எனக்கு இத்தன வருஷமும் ஆறுதல். புள்ளையப் பறிகுடுத்தவளே எறியலையேன்னு."

சித்தி பேசாமல் இருந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது.

"பின்பக்கத்துலருந்து வந்தேன் தந்தா" என்றாள். "மொதக் கல்லு என்னுது."

டோர்சி குடையைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டாள். அவள் முகம் அதற்குப்பிறகு தெரியவில்லை. ஓட்டிஸ் வேகத்தைக் கூட்டினார். கரையில் இறங்கி, ஒருத்தி ஊருக்குள்ளும் ஒருத்தி கல்லறைப் பக்கமும் நடந்தார்கள்.

மினா பழையபடி பாடுகிறாள். தினமும் உப்புத் தண்ணீரில் கொப்புளிக்கிறாள், கடைசிப் பல்வரை கண்ணாடி பார்த்துத் தேய்க்கிறாள். சித்தியையும் தேய்க்க வைத்திருக்கிறாள். சித்தியின் ஈறு தொட்டாலே ரத்தம் கசிகிற ஈறு. ஆனால் ஒரு விஷயம் மினா எனக்கு மட்டும் சொன்னாள். அம்மா ஒருநாள் துணி மடித்துக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்காமல் கேட்டாளாம்: "பல்லக் கடிச்சுக்கிட்டு ஒரே ஒரு தடவ 'அம்மா'ன்னு சொல்றியா?"

"சொன்னியா?" என்றேன்.

"சொன்னேன். கண்ண மூடிக்கிட்டுக் கேட்டாங்க. அப்புறம் எனக்கே பயமாப் போச்சு உசி. இனிமே சொல்ல மாட்டேன்னுட்டேன்."

ஞாயிறுகளில் தேவாலயம் முடிந்ததும் சித்தி மஞ்சள் மீன் குழம்பும் பப்பேடாவும் எடுத்துக்கொண்டு ஊர்க்கோடிக்குப் போக ஆரம்பித்தாள். டோர்சி கதவைத் திறக்கவில்லை. உள்ளே இருமும் சத்தம் கேட்கும். சித்தி வெயிலில் நின்று பார்த்துவிட்டு, பாத்திரத்தைப் படியில் வைத்துவிட்டு வருவாள். முதலில் கோழிகள்தான் தின்றன. ஊர் சிரித்தது, பிறகு அலுத்துப்போய் விட்டுவிட்டது. சித்தி விடவில்லை.

மழைக்காலம் பிறந்தபிறகு ஒரு ஞாயிறு நானும் கூடப் போனேன். சித்தி பாத்திரத்தை வைத்துவிட்டுத் திரும்பும்போது, ஜன்னல் பலகை ஒரு சாண் திறந்தது. ஆள் தெரியவில்லை. குரல் மட்டும் வந்தது.

"போன வாரம் குழம்புல உப்பு அதிகம்."

சித்தி ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"சரி தந்தா" என்றாள். "பாத்துப் போடறேன்."

பலகை மூடிக்கொண்டது. தூறல் வலுக்க ஆரம்பித்திருந்தது. நான் கூப்பிட்டும் சித்தி அசையவில்லை. நனைந்துகொண்டே நின்றாள்.